பல்ஸ் ஆக்சிமீட்டர் வாங்கினால் அலைக்கோடு காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள்

விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணை மட்டும் காட்டும் கருவி வேண்டாம். நாடித்துடிப்பை அலைக்கோடாகத் திரையில் ஓடவிடுவதும், விரலுக்கு ரத்தம் எவ்வளவு வருகிறது என்று காட்டும் பி.ஐ. என்ற இன்னொரு சின்ன எண்ணைத் தருவதுமான கருவியாக வாங்குங்கள். சில நூறு ரூபாய் கூடுதலாகும், ஆனால் அந்தக் காசு வீணில்லை. எங்கள் வீட்டில் இரண்டு வகையுமே இருக்கின்றன. இரண்டையும் அப்பாவின் விரலில் தினமும் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பிராண்ட் பெயரை எழுதவில்லை. இந்தக் கருவிகளில் ஒரே உடலும் ஒரே திரையும் வேறு வேறு ஸ்டிக்கரோடு வருகின்றன. பெயரைப் பார்த்து வாங்குவதைவிடத் திரையில் என்ன ஓடுகிறது என்று பார்த்து வாங்குவதுதான் பயன்படும்.

அப்பாவுக்கு 74 வயது. கோவையில் ஸ்பின்னிங் மில்லில் ப்ளோ ரூம், கார்டிங் என்று பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் பிரிவுகளில், தூசிக்குள்ளேயே வேலை பார்த்தவர். பீடியும் உண்டு. இப்போது சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் அடைப்பு உள்ள நாள்பட்ட நுரையீரல் நோய். வீட்டில் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் ஓடுகிறது. நுரையீரல் டாக்டர் எங்களுக்குக் கொடுத்த கணக்கு இதுதான்: "88-லிருந்து 92-க்குள்ள இருந்தா போதும்மா. 97, 98 எல்லாம் இவருக்கு வேண்டாம்." சிஓபிடி நோயாளிகள் சிலருக்கு ஆக்சிஜனை அதிகமாகத் திறந்துவிட்டால் கார்பன் டை ஆக்சைடு உடம்பில் தேங்கிவிடும். ஆள் தூங்கி வழிவார், குழம்புவார். அதனால் எங்களுக்கு இரண்டு பக்கமும் வேலி உண்டு. 87 என்றாலும் யோசிக்க வேண்டும், 95 என்றாலும் யோசிக்க வேண்டும். நாலு புள்ளி அகலமுள்ள சந்துக்குள் ஓட்ட வேண்டிய வண்டி இது. அளக்கும் கருவி இரண்டு மூன்று புள்ளி தப்பாகச் சொன்னால் எங்களுக்கு எவ்வளவு சிக்கல் என்று சொல்லத் தேவையில்லை.

பழைய கருவி 2021 மே மாதம் வாங்கியது. கொரோனா இரண்டாம் அலை நேரம். மெடிக்கல் கடைகளில் ஆக்சிமீட்டர் கண்ணிலேயே படவில்லை, கிடைத்த இடத்தில் சொன்னதுதான் விலை. அதே ஆண்டு ஜூலையில்தான் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் பல்ஸ் ஆக்சிமீட்டர், பிபி கருவி, நெபுலைசர், டிஜிட்டல் தெர்மாமீட்டர், குளுக்கோமீட்டர் ஆகிய ஐந்துக்கும் வியாபார லாபம் 70 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று உத்தரவு போட்டது. அதற்குப் பிறகு விலை கொஞ்சம் படியிறங்கியது. நாங்கள் வாங்கியது அதற்கு முன்னால்.

அதன் திரையில் சிவப்பு எழுத்தில் இரண்டு எண்கள் வரும், ஓரத்தில் ஏறி இறங்கும் ஒரு சின்னப் பட்டை இருக்கும். விரலை வைத்த நாலைந்து நொடியில் எண் வந்துவிடும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதுதான் அதன் குறை. துடிப்பை ஒழுங்காகப் பிடித்ததா இல்லையா என்று அது சொல்வதே இல்லை. கை சில்லென்று இருந்தாலும் ஓர் எண், நகராமல் இருந்தாலும் ஓர் எண், நடுங்கினாலும் ஓர் எண். எல்லாவற்றையும் ஒரே தைரியத்தோடு காட்டும். மூச்சு மருந்தைப் புகைபோல உள்ளிழுக்க வைக்கும் நெபுலைசரை வைத்து முடித்தவுடன் அப்பாவின் கை லேசாக நடுங்கும். மருந்தின் இயல்பு அது. அப்போது மாட்டினால் 85, 86 என்று காட்டும். அப்பாவோ தெம்பாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

இந்த 85-க்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். கிளிப்பின் ஒரு பக்கம் இரண்டு விளக்குகள். ஒன்று சிவப்பு, சுமார் 660 நானோமீட்டர். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, சுமார் 940. எதிர்ப்பக்கம் ஒளியை வாங்கும் சென்சார். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் அகச்சிவப்பை அதிகம் விழுங்கும், ஆக்சிஜன் இறங்கியது சிவப்பை அதிகம் விழுங்கும். இரண்டுக்கும் உள்ள விகிதத்தை வைத்துத்தான் சதவீதம். ஆனால் விரலில் தோல், எலும்பு, சதை, அசையாத ரத்தம் எல்லாம் இருக்கின்றன, அவையும் ஒளியை விழுங்கும். அவற்றைக் கழிப்பது எப்படி?

வழி கண்டுபிடித்தவர் ஜப்பானின் நிஹான் கோடன் கம்பெனியில் இருந்த பொறியாளர் தகுவோ அயோயாகி. அவர் தேடியது ஆக்சிஜன் அளவை அல்ல. ரத்தத்தில் சாயம் செலுத்தி, இதயம் எவ்வளவு ரத்தம் இறைக்கிறது என்று ரத்தம் எடுக்காமல் காதுமடலில் ஒளி வைத்து அளக்கப் பார்த்தார். நாடித்துடிப்பு குறுக்கே வந்து அளவைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அந்தத் தொல்லையை ஒழிக்கப் போராடியபோதுதான், துடித்து மாறும் ஒளி மட்டுமே தமனி ரத்தத்தின் சேதி, மாறாமல் நிற்பதையெல்லாம் தள்ளிவிடலாம் என்று பிடிபட்டது. 1974-ல் அதை வெளியில் சொன்னார். 2020 ஏப்ரலில், கொரோனா உலகமெங்கும் பரவிக்கொண்டிருந்த மாதத்தில், அவர் காலமானார். அந்தச் செய்தியை இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு கனத்துப்போகும். அந்த வருடம் எத்தனை வீடுகளில் அவர் யோசனை விரல்நுனியில் மின்னிக்கொண்டிருந்தது!

ஆக, கருவிக்கு வேண்டியது துடிப்பு. கை ஆடினால் என்ன ஆகும்? சிவப்பு, அகச்சிவப்பு இரண்டுமே ஒரே அளவில் ஏறி இறங்கும். விகிதம் ஒன்றை நெருங்கும். விகிதம் ஒன்று என்றால், விகிதத்தைச் சதவீதமாக மாற்றும் கருவியின் அட்டவணையில் சுமார் 85 சதவீதம். அதனால்தான் ஆட்டமும் இரைச்சலுமாக இருக்கும்போது எண் 85 பக்கம் போய் உட்காருகிறது. ஆள் நன்றாக இருந்து, கருவி 85 என்று அடம் பிடித்தால், முதலில் கையைப் பாருங்கள். இரண்டாம் அலையில், பேனாவைச் செருகினாலும் எண் காட்டுகிறதே என்று வீடியோக்கள் சுற்றின. கையில் பிடித்திருக்கும் பேனா ஆடுகிறது, ஒளி மாறுகிறது, அதைத் துடிப்பென்று எடுத்துக்கொள்கிறது. எங்கள் பழைய கருவியும் பேனாவுக்கு எண் காட்டும்.

புதியதை கோவை அரசு மருத்துவமனைப் பக்கம் ஒரு சர்ஜிக்கல் கடையில் வாங்கினோம். அந்தக் கடைக்காரரைப் பாராட்ட வேண்டும். பெட்டியைப் பிரித்து, பேட்டரி போட்டு, "போட்டுப் பாருங்க, அவசரமில்லைங்க" என்று கையில் கொடுத்தார். என் விரல், கணவர் விரல், கடைப் பையன் விரல் என்று மூன்றிலும் மாட்டினேன். திரையின் அடிப்பக்கம் அலைக்கோடு இடமிருந்து வலமாக ஓடியது. ஒவ்வொரு துடிப்பும் செங்குத்தாக ஏறி, சரிந்து இறங்கும் வழியில் ஒரு சின்ன மடிப்புப் போட்டு, மறுபடி ஏறியது. மூன்று பேருக்கும் சீராக வந்தது. அப்புறம் பேனாவை வைத்தேன். எண்ணுக்குப் பதில் இரண்டு சிறு கோடுகள்தான் வந்தன. அப்போதே வாங்க முடிவு செய்துவிட்டேன்.

கிளிப்பின் உள்ளே கறுப்பு சிலிக்கோன் ரப்பர், விரல்நுனி போய் முட்டுவதற்கு ஒரு தடுப்பு. விரல் அங்கே முட்ட வேண்டும். பாதியில் நின்றால் ஒளி விரலைச் சுற்றிக்கொண்டு நேராக சென்சாருக்குப் போய்விடும், எண் கெட்டுவிடும். எங்கள் கருவியில் விளக்கு மேல்பக்கம், அதனால் நகம் மேலே பார்த்து இருக்க வேண்டும். ஸ்பிரிங் இறுக்கமாகவும் இல்லை, தொளதொள என்றும் இல்லை. அப்பாவின் விரல்நுனி கொஞ்சம் உருண்டு தடித்திருக்கும், அதற்கும் சரியாக உட்காருகிறது. குழந்தை விரலுக்கு ஆகாது. தங்கையின் மூன்று வயது மகன் விளையாட்டாக மாட்டியபோது கோடு தாறுமாறாக ஓடியது. பெரியவர்களுக்கான கிளிப்பில் சின்னக் குழந்தைக்குப் பார்க்கவே கூடாது. குழந்தைகளுக்குத் தனி அளவில் விற்கிறார்கள்.

பி.ஐ. பற்றிச் சொல்ல வேண்டும். கடையில் இதைப் பலர் கேட்பதே இல்லை. துடிக்கும் ஒளிக்கும் துடிக்காத ஒளிக்கும் உள்ள விகிதம் அது. விரலுக்கு ரத்தம் எவ்வளவு வந்து சேர்கிறது என்பதற்கான அடையாளம். எனக்கு அது 4, 5 என்று இருக்கும். அப்பாவுக்கு மார்கழிக் காலையில் 0.4 வரை இறங்கிவிடும். அந்த நேரம் வரும் எண்ணை நான் நோட்டில் எழுதுவதில்லை. வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்து, விரலைத் தேய்த்துவிட்டு, பி.ஐ. ஒன்றுக்கு மேல் ஏறிய பிறகு பார்ப்பேன். பல நாட்களில் 86 என்று வந்தது 90 ஆகிவிடும். நுரையீரல் அதற்குள் மாறவில்லை, விரல் சூடாகியிருக்கிறது. எங்கள் பழைய கருவியில் இதை அறியவே வழியில்லை.

"அம்மிணி, நம்பர் எவ்வளவு காட்டுது?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருப்பார். "இருங்கப்பா, கோடு இன்னும் சரியாகலீங்க" என்பேன். இப்போது அவரே கோட்டைப் பார்க்கக் கற்றுக்கொண்டார். எண்ணைக் கடைசியில்தான் கேட்கிறார்.

நாங்கள் அளக்கும் விதம் இப்படி. நடந்து வந்தவுடன், குளித்தவுடன் பார்ப்பதில்லை. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரவேண்டும். கை மேசைமேல், கிட்டத்தட்ட நெஞ்சு உயரத்தில். நடுவிரல் அல்லது ஆள்காட்டி விரல். ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவேன். பிபி பட்டையைக் கட்டிய கையில் மாட்டவே கூடாது. பட்டை இறுகும்போது விரலுக்கு ரத்தம் நின்றுவிடும், எண்ணும் விழுந்துவிடும். அலை ஒரே மாதிரி ஓட ஆரம்பித்து, எண் ஒரே இடத்தில் அரை நிமிடமாவது நின்ற பிறகுதான் எழுதுவேன். ஒரு தடவை மணிக்கட்டில் நாடியை எண்ணிக் கருவியின் துடிப்பு எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் நல்லது. துடிப்பையே தப்பாக எண்ணும் கருவி ஆக்சிஜனைச் சரியாகச் சொல்லும் என்று நம்ப முடியாது. நகப்பூச்சு, குறிப்பாகக் கறுப்பு, நீலம், பச்சை, இருந்தால் துடைத்துவிடுங்கள். விரல்நுனியில் அடர்த்தியாக மருதாணி, அதிலும் கறுப்பு மெஹந்தி இருந்தால் வேறு விரலைப் பாருங்கள்.

நிறம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் சமாச்சாரம். 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆக்சிமீட்டர் 92-லிருந்து 96 வரை காட்டிய நேரங்களில், தமனி ரத்தப் பரிசோதனையில் உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம், வெள்ளை நோயாளிகளிடம் 3.6 சதவீதம். அதாவது மூன்று மடங்குக்கும் மேல். தோலின் கருமை கூடக் கூடக் கருவி நிஜத்தைவிட உயர்த்திச் சொல்லும் போக்கு இருக்கிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமும் 2021-ல் இதைப் பற்றி எச்சரித்தது. அப்பா நல்ல கறுப்பு. கருவி 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லும்போதுதான் அவருக்கு நான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இங்கே விற்கும் பெட்டிகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை. கறுப்புத் தோல் உள்ள மக்கள் இத்தனை கோடிப் பேர் வாங்கும் பொருளில் இதைச் சொல்லாமல் விடுவது பெரிய குறை. எழுதியே ஆக வேண்டும்.

பெட்டியில் '±2' என்று போட்டிருப்பார்கள். எவ்வளவு காட்டினாலும் இரண்டு புள்ளிக்குள் சரி என்று அர்த்தமில்லை. மூன்றில் இரண்டு அளவுகள் அந்த எல்லைக்குள் இருக்கும், மீதி வெளியே போகும். கருவி 90 என்றால் உண்மை பொதுவாக 86-க்கும் 94-க்கும் இடையில் இருக்கும் என்று அந்த அமெரிக்க நிர்வாகமே விளக்குகிறது. அந்த ±2-உம் 70-லிருந்து 100 வரைக்கும்தான். ஆரோக்கியமான ஆட்களுக்கு ஆக்சிஜனைக் குறைத்துக் கொடுத்து, ரத்தத்தையும் எடுத்துப் பார்த்துத்தான் அட்டவணை தயாரிக்கிறார்கள். 70-க்குக் கீழே யாரையும் இறக்க முடியாது. அதற்குக் கீழே திரையில் வருவது அனுமானம்.

இதற்கு எங்களுக்குக் கிடைத்த நல்ல வழி ஒன்று. அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்து ஏபிஜி, அதாவது ரத்தத்தில் உள்ள வாயுக்களின் பரிசோதனை, பார்த்தார்கள். அப்போது எங்கள் கருவியையும் விரலில் மாட்டி வைத்திருக்கலாமா என்று கேட்டேன். நர்ஸ் அக்கா சந்தோஷமாகச் சரி என்றார். கருவி 92, ரத்தத்தில் 89. டாக்டரிடம் காட்டினேன். அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்து, "இந்த மெஷின் உங்க அப்பாவுக்குக் கொஞ்சம் கூடக் காட்டுது. 90-க்குக் கீழ போனாலே எனக்கு போன் பண்ணுங்க" என்றார். ஒரே ஒரு ஒப்பீட்டை வைத்து எப்போதும் மூன்று கழிக்கக்கூடாது என்றும் சொன்னார். வீட்டில் நாள்பட்ட நோயாளி இருக்கிறவர்கள் அடுத்த முறை ஏபிஜி எடுக்கும்போது கருவியைக் கையோடு கொண்டு போங்கள்.

கருவி காட்டாதவையும் உண்டு. புகை அடைத்த அறையில் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஏறினால், கருவி அதையும் ஆக்சிஜன் என்றே எடுத்துக்கொள்ளும். ஆள் மயங்கிக் கிடக்க 98 காட்டும். பீடி, சிகரெட் பிடித்தவுடன் பார்த்தாலும் கொஞ்சம் உயர்ந்தே வரும். ரத்தசோகை இருந்தால் சதவீதம் அழகாக இருக்கும், உடம்புக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜன் குறைவாக இருக்கும். கார்பன் டை ஆக்சைடு தேங்குவதை இது காட்டவே காட்டாது. அப்பா பகலில் காரணமில்லாமல் தூங்கினால், காலையில் தலைவலி என்றால், எண் 93 இருந்தாலும் நான் டாக்டரைக் கூப்பிடுவேன்.

ஊட்டிக்குப் போனபோது எல்லோருக்கும் எண் இறங்கியது. 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு. எனக்கே 98 போய் 95 வந்தது. கருவியின் பிழை இல்லை. அப்பாவை அங்கே கூட்டிப் போகவில்லை. அவரைப் போன்றவர்களை மலைக்குக் கூட்டிப் போகுமுன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

ஸ்மார்ட் வாட்ச் பற்றியும் கேட்கிறார்கள். மணிக்கட்டில் ஒளி ஊடுருவிப் போவதில்லை, பட்டுத் திரும்புகிறது. சிக்னல் மெலிது. உடற்பயிற்சிக்குச் சரி, நோயாளிக்கு அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். போன் கேமராவில் விரல் வைத்தால் போதும் என்னும் செயலிகள் பக்கமே போகாதீர்கள்.

புதிய கருவியில் எனக்குப் பிடிக்காதவையும் இருக்கின்றன. பேட்டரி மூடி மெல்லிய பிளாஸ்டிக், கழற்றும் ஒவ்வொரு தடவையும் உடைந்துவிடுமோ என்று பயம். விளக்கக் குறிப்பு எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கில எழுத்து, தமிழில் ஒரு வரி இல்லை. வயதானவர்கள்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள், ஒரு தாள் தமிழில் வைத்தால் என்ன? விரலை எடுத்தவுடன் எண் மறைந்துவிடும். நினைவகம் இல்லாததால் நேரம், எண், துடிப்பு, பி.ஐ., ஆக்சிஜன் எத்தனை லிட்டர் ஓடியது என்று எல்லாவற்றையும் நோட்டில்தான் எழுதுகிறேன். டாக்டர் அந்த நோட்டைத்தான் முதலில் வாங்கிப் பார்க்கிறார். நடந்த பிறகு அளப்பதென்றால் கருவியை மாட்டியபடியே நடக்க வைத்து, உட்கார்ந்த பிறகும் ஒரு நிமிடம் விடுங்கள். நுரையீரலில் நடப்பது விரலுக்கு வந்துசேரக் கொஞ்ச நேரம் ஆகும். பல நாள் உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்கு மிகக் குறைந்த எண் வந்திருக்கிறது.

இரண்டு ஏஏஏ பேட்டரி போதும். அல்கலைன் போடுங்கள், மலிவானது சீக்கிரம் இறங்கி, ஒளி மங்கி, கோடு நடுங்க ஆரம்பிக்கிறது. தினமும் பயன்படுத்தாத வீடென்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், கசிந்தால் உள்ளே உள்ள தகடு துருப்பிடித்துவிடும். ரப்பரை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் லேசாகத் துடைத்தால் போதும், தண்ணீரில் கழுவக்கூடாது.

உதடு நீலமாகிறது, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேச முடியவில்லை, எழுப்பினால் சரியாக விழிக்கவில்லை என்றால் விரலைத் தேய்த்துக்கொண்டு கோட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அளந்துகொண்டிருங்கள்.

கடைக்குப் போகிறவர்கள் குளிரூட்டிய அறையில் நின்று மாட்டிப் பார்க்காமல், கொஞ்சம் கையைச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். பெட்டியைப் பிரிக்க விடாத கடையில் வாங்க வேண்டாம். பில்லில் மாடல் எண்ணும் வாரண்டியும் எழுதி வாங்குங்கள். எங்களுக்கு ஒரு வருடம் கொடுத்தார்கள்.